கொட்டகை யாருடையது, கதை யாருடையது?

ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்திலிருந்து சிட்டி ஸ்குவேர் மாலுக்குள் போகும் கூட்டத்தில் பத்துப் பேரை நிறுத்தி, "இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள் யோசிக்காமல் பதில் சொல்வார்கள்: நியூ வோர்ல்ட். 1923-ல் ஓங் சகோதரர்கள் தொடங்கிய கேளிக்கைப் பூங்கா அது. குத்துச்சண்டை, மல்யுத்தம், மலாய் பங்சவான் நாடகம், சீன நாடகம், நடனக்கூடம், சினிமா என எல்லாம் ஒரே மதிலுக்குள் இருந்தன. 1987-ல் மூடிவிட்டார்கள். பழைய நுழைவாயில் மட்டும் நினைவுச் சின்னமாக நிற்கிறது.

துறைமுகத்தில் வேலை பார்த்த என் தாத்தாவுக்குச் சம்பளம் வந்த வாரக்கடைசி என்றால் நியூ வோர்ல்ட்தான். உள்ளே நுழைவதற்கு ஒரு காசு, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனிக் காசு. "பாட்டிக்குத் தெரியாம ரெண்டு வெள்ளி போயிடும்மா" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்த இரண்டு வெள்ளி யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று அவர் யோசித்திருக்க மாட்டார். அதில் ஒரு பங்கு ஷா சகோதரர்களுக்குப் போனது. போருக்கு முன்பே அவர்கள் நியூ வோர்ல்டில் பங்குதாரர்கள் ஆகிவிட்டார்கள்.

ஊடகப் படிப்பில் கேளிக்கை நிறுவனங்கள் எப்படி வளர்கின்றன என்று ஒரு பாடம் இருந்தது. எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஹாலிவுட். டிஸ்னி, வார்னர், பாரமவுண்ட். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அதே பாடத்தின் முழு வடிவம் தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஜாலான் புசாரிலும் பாலஸ்டியரிலும் கிடக்கிறது. நம்மவர்களும் அந்தக் கதையில் உண்டு. முதலில் டிக்கெட் வாங்கியவர்களாக, பிறகு படம் எடுத்தவர்களாக, கடைசியில் ஒருவர் எல்லாவற்றையும் விலைக்கு வாங்கியவராக.

முதலில் அரங்கு

ஷா குடும்பத்தின் மூத்தவர் ரன்ஜே ஷா 1925-ல் ஷாங்காயில் தியான்யி என்ற பட நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே போட்டி கடுமை. தம்பி ரன்மீ ஷா படப்பெட்டிகளோடு சிங்கப்பூருக்கு வந்தார். பின்னாலேயே இன்னொரு தம்பி ரன் ரன் ஷாவும் வந்து சேர்ந்தார். இங்கிருந்த கொட்டகைக்காரர்கள் இந்தப் புதியவர்களின் படத்தைத் திரையிட முன்வரவில்லை. கையில் படம் இருக்கிறது, காட்டுவதற்கு இடமில்லை.

பலர் அந்த இடத்தில் படத்தின் விலையைக் குறைத்துப் பார்ப்பார்கள். அண்ணன் தம்பி இருவரும் தஞ்சோங் பகாரில் ஒரு கொட்டகையையே வாடகைக்கு எடுத்தார்கள். பிறகு படம் காட்டும் கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு மலாயாவின் சிற்றூர்களுக்குப் போனார்கள். திறந்தவெளியில் திரை கட்டிப் படம் போட்டார்கள். ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் நிறைந்த நாடு அது. பகலெல்லாம் உழைத்தவர்களுக்கு இரவில் வேறு பொழுதுபோக்கு இல்லை. எந்த ஊரில் கூட்டம் கூடுகிறது, எந்தப் படத்துக்கு யார் வருகிறார்கள் என்பதை இவர்கள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். கூட்டம் நிச்சயம் என்று தெரிந்த ஊரில் நிரந்தரக் கொட்டகை கட்டினார்கள். 1939 வாக்கில் சிங்கப்பூர், மலாயா, தாய்லாந்து, இந்தோனீசியா, இந்தோசீனா எங்கும் சேர்த்து 139 அரங்குகள் அவர்கள் கையில் இருந்தன.

அவர்கள் விற்றது படத்தை மட்டுமல்ல, மாலைப் பொழுதை. சீனப் படம், ஹாலிவுட் படம், இந்தியப் படம், மலாய் நாடகம் எதுவானாலும் இருக்கை அவர்களுடையது. ஒரு மொழிப் படம் ஓடாவிட்டால் அடுத்த மொழிப் படம் அந்த இருக்கையை நிரப்பும். கேளிக்கைப் பூங்காவில் பங்கு வாங்கியதும் இதே கணக்குதான். டிஸ்னிலேண்ட் திறந்தது 1955-ல். சினிமாவையும் பூங்காவையும் ஒரே குடும்பம் நடத்தலாம் என்பதை அதற்கு முன்பே ஜாலான் புசார் பார்த்துவிட்டது.

ஜப்பானியர் ஆட்சியில் அரங்குகள் கைவிட்டுப் போயின. போர் முடிந்ததும், தோட்டத்தில் புதைத்து வைத்திருந்த பொன்னையும் நகையையும் தோண்டியெடுத்து மீண்டும் தொழிலைத் தொடங்கியதாக ரன் ரன் ஷா பின்னாளில் சொல்லியிருக்கிறார். மெக்கன்சி சாலையில், தேக்காவை ஒட்டி ரெக்ஸ் திறக்கப்பட்டது 1946-ல். அந்த ரெக்ஸ் பல ஆண்டுகள் படம் காட்டாமல் கிடந்து, பிறகு வேறு நிர்வாகத்தில் இந்தியப் படங்களுக்காகக் கதவைத் திறந்தது. என் வயதுக்காரர்களில் பலர் முதல்நாள் காட்சிக்கு அங்கே விசிலடித்திருக்கிறார்கள்.

மெட்ராஸிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வந்தவர்கள்

அரங்கு கையில் இருந்தால் அடுத்த கேள்வி, அதை நிரப்பச் சொந்தப் படம் எடுக்கலாமா என்பது. 1934-ல் வெளியான 'லைலா மஜ்னூன்' என்ற மலாய்ப் படத்துக்கு நல்ல கூட்டம் வந்தது. அதை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.எஸ். ராஜ்ஹன்ஸ். மலாய் மொழியில் படம் எடுத்தால் பார்க்க ஆள் இருக்கிறது என்பது அதில் தெரிந்துபோயிற்று. போருக்குப் பின், 1947-ல், பாலஸ்டியர் பகுதியில் ஜாலான் அம்பாஸ் 8-ஆம் எண்ணில் ஷா சகோதரர்களின் மலாய் ஃபிலிம் புரொடக்ஷன்ஸ் இயங்கத் தொடங்கியது. முதல் படத்தை இயக்கியவரும் அதே ராஜ்ஹன்ஸ்தான். அடுத்த 20 ஆண்டுகளில் 150-க்கும் மேற்பட்ட மலாய்ப் படங்கள் அந்தச் சிறிய வளாகத்திலிருந்து வெளிவந்தன.

முதலீடு சீனருடையது, நடிகர்கள் மலாய்க்காரர்கள், இயக்குநர்கள் இந்தியர்கள். இப்படி ஓர் ஏற்பாடு தற்செயலாக அமையவில்லை. மலாய் மக்கள் பாட்டும் ஆட்டமும் கலந்த பங்சவான் நாடகத்தில் ஊறியவர்கள். இந்தியப் படங்களையும் விரும்பிப் பார்த்தார்கள். அரங்கு வைத்திருந்தவருக்கு அது டிக்கெட் எண்ணிக்கையிலேயே தெரியும். பாட்டுள்ள படத்தை வேகமாக எடுத்து முடிக்கத் தெரிந்தவர்கள் மெட்ராஸிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்தார்கள். ஆகவே அங்கிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். மலாய் தெரியாத இயக்குநருக்கு மலாய் எழுத்தாளர்கள் வசனம் எழுதிக் கொடுத்தார்கள்.

அவர்களில் ஒருவர் எல். கிருஷ்ணன். மெட்ராஸில் பிறந்து மலாயாவில் வளர்ந்தவர். 1950-ல் அவர் இயக்கிய 'பக்தி' படத்தில்தான் பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்தார். அதுவரை வில்லனாகவும் துணைப் பாத்திரங்களிலும் வந்த பினாங்குப் பையனை நாயகனாக்கிப் பார்த்தது ஒரு தமிழர் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய செய்தி. எஸ். ராமநாதன், பி.என். ராவ், பணி மஜும்தார் என்று இந்த வரிசை நீளும். மஜும்தார் இயக்கிய 'ஹங் துவா' 1956-ல் வண்ணத்தில் வந்தது. 1957-ல் 'பொந்தியானாக்' படத்தால் ஊரையே நடுங்க வைத்தவர் பி.என். ராவ். அதைத் தயாரித்தது ஷாவின் போட்டி நிறுவனமான கேத்தே கெரிஸ்.

படப்பிடிப்பு நிலையத்தில் எல்லாரும் மாதச் சம்பளக்காரர்கள். நாயகனும் சம்பளக்காரர், தச்சரும் சம்பளக்காரர். நிறுவனத்துக்கு இது மிகவும் வசதி. அரங்கு தன்னுடையது, விநியோகம் தன்னுடையது, ஆட்களின் சம்பளமும் முன்கூட்டியே தெரிந்த தொகை. படம் ஓடினால் லாபம் முழுதும் ஒரே பெட்டிக்குள் விழும். அமெரிக்காவில் பட நிறுவனங்களே அரங்குகளையும் வைத்திருப்பது போட்டியைக் கெடுக்கிறது என்று 1948-ல் உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பெரிய நிறுவனங்கள் அரங்குகளைப் பிரித்து விற்க வேண்டி வந்தது. நம் பக்கம் அப்படி எந்தத் தடையும் இருக்கவில்லை.

சம்பளம் வாங்கியவர்கள் பக்கம் கணக்கு வேறு மாதிரி. 1957-ல் ஜாலான் அம்பாஸில் ஊதியத்தையும் வேலை நிலைமையையும் முன்வைத்து வேலைநிறுத்தமே நடந்தது. அதே ஆண்டு ரன் ரன் ஷா ஹாங்காங் போனார். 1961-ல் கிளியர்வாட்டர் பே பகுதியில் அவருடைய பெரிய படநகரம் திறக்கப்பட்டது. மாண்டரின் படங்களுக்கான சந்தை பெரிது, நிறுவனத்தின் கவனம் அங்கே திரும்பியது. இங்கே 1963-ல் தொலைக்காட்சி வந்தது. இந்தோனீசியாவுடனான பூசலில் அந்த நாட்டுச் சந்தை அடைபட்டது. 1964-ல் பி. ரம்லி கோலாலம்பூருக்குப் போய்விட்டார். 1967-ல் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையம் மூடப்பட்டது.

எழுதி, இயக்கி, நடித்து, பாடி, இசையமைத்த பி. ரம்லி 1973 மே 29-ஆம் தேதி 44 வயதில் காலமானார். கடைசி ஆண்டுகளில் கையில் பணமில்லை. அவர் படங்கள் அப்போதும் ஓடின, இப்போதும் ஓடுகின்றன.

இதைச் சொல்வது ஷா சகோதரர்களைக் குறை சொல்வதற்காக அல்ல. அவர்கள் இல்லாவிட்டால் அந்தப் படங்களே இல்லை. 1957-ல் தொடங்கிய ஷா அறநிறுவனம் இந்த ஊரில் எத்தனையோ பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் உதவியிருக்கிறது. துணிந்து முதல் போட்டவருக்கு லாபம் போவது நியாயம்தான். ஆனால் அந்த வளர்ச்சிக் கணக்கில் கலைஞருக்கு எந்தக் கட்டம் ஒதுக்கப்பட்டிருந்தது என்று பார்த்தால், செலவுக் கட்டம்தான்.

மிஞ்சியது படப்பெட்டி

கதையின் மூன்றாம் பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. ஹாங்காங்கில் ரன் ரன் ஷா 1967-ல் டிவிபி தொலைக்காட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1982-ல் வந்த 'பிளேட் ரன்னர்' படத்துக்கும் பணம் போட்டிருக்கிறார். 1980களின் நடுவில் அவருடைய நிறுவனம் திரைப்படம் எடுப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. எடுத்து முடித்த படங்கள் பெட்டிகளில் அடுக்கிக் கிடந்தன.

அந்தப் பெட்டிகளை 2000-ஆம் ஆண்டில் செலஸ்டியல் பிக்சர்ஸ் என்ற நிறுவனம் வாங்கியது. ஏறக்குறைய 760 படங்கள். பழைய பிரதிகளைச் சுத்தம் செய்து, டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றி, குறுந்தட்டாகவும் தொலைக்காட்சி உரிமையாகவும் உலகம் முழுவதும் விற்றார்கள். அந்த நிறுவனத்துக்குப் பின்னால் இருந்தது ஆனந்த கிருஷ்ணனின் குழுமம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் 1938-ல் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1996-ல் ஆஸ்ட்ரோ துணைக்கோளத் தொலைக்காட்சியைத் தொடங்கியவர். 2024 நவம்பரில் காலமானார்.

ஷாங்காயில் தொடங்கி, சிங்கப்பூரில் காலூன்றி, ஹாங்காங்கில் பெரிதான ஒரு நிறுவனத்தின் திரைப்படச் சேமிப்பை ஒரு மலேசியத் தமிழரின் குழுமம் வாங்கியது என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. ஆனால் பெருமையைவிட முக்கியம் அவர் எதை வாங்கினார் என்பது. அவர் வாங்கியது உரிமையை. கொட்டகை பழசாகும். ஆட்கள் ஓய்வு பெறுவார்கள். கதை மட்டும் ஒவ்வொரு புதுத் திரை வரும்போதும் மீண்டும் விலைபோகும். 2022-ல் அமேசான் ஏறக்குறைய 850 கோடி அமெரிக்க வெள்ளி கொடுத்து எம்ஜிஎம் நிறுவனத்தை வாங்கியதற்கும் அதன் 4,000-க்கும் மேற்பட்ட படங்கள் முக்கியக் காரணம். கொட்டகையின் கதி என்ன என்பதற்கு வேறு எங்கும் போக வேண்டாம். ஷாவின் பழைய போட்டியாளரான கேத்தேயின் பெயரில் இயங்கிய திரையரங்குகள் 2025 செப்டம்பரோடு மூடப்பட்டுவிட்டன.

நெட்ஃபிளிக்ஸும் நடந்தது இதே வழியில்தான். 1997-ல் குறுந்தட்டைத் தபாலில் அனுப்பும் கடையாகத் தொடங்கியது. 2007-ல் இணையம் வழி படம் காட்டியது. அதுவரை காட்டியதெல்லாம் பெரும்பாலும் பிறருடைய படங்கள். 2013-ல் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரிலிருந்து சொந்தச் சரக்கில் இறங்கியது. 2016 ஜனவரியில் ஒரே நாளில் 130 நாடுகளில் திறந்தபோது சிங்கப்பூரும் அதில் ஒன்று. தமிழில் 2020-ல் 'பாவக் கதைகள்', 2021-ல் 'நவரசா' என்று தொகுப்புப் படங்கள் வந்தன. அப்போது வண்டியில் வந்த திரை இப்போது நம் சட்டைப் பையில் இருக்கிறது, அவ்வளவுதான். யார் எந்தப் படத்தைப் பாதியில் நிறுத்தினார்கள் என்பதுவரை இப்போது கணக்கு இருக்கிறது.

கையெழுத்துப் போடும் முன்

இதெல்லாம் பெரிய முதலாளிகளின் கதை, நமக்கென்ன என்று தோன்றலாம். சென்ற ஆண்டு என் சித்தி மகன் ஓர் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு தேக்கா அங்காடிக்கு வந்தான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊடகம் படித்தவன். நண்பர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து, ஒரு தாத்தாவும் பேத்தியும் புளோக்கின் கீழே உட்கார்ந்து பேசுவதுபோல ஐந்து நிமிட அனிமேஷன் தொடர் செய்திருந்தான். ஒரு நிறுவனம் அதைக் கேட்டது. 12,000 வெள்ளி. அந்த வயதில் பெரிய தொகைதான்.

"அக்கா, இதுல ஒரு வார்த்தை மட்டும் புரியல. 'இன் பெர்பெச்சுவிட்டி'ன்னு போட்டிருக்கு."

"என்றென்றைக்கும்னு அர்த்தம்டா. உலகம் முழுக்க, இனிமே வரப்போற எல்லா வகை ஊடகத்துலயும், அந்தத் தாத்தா, பேத்தி ரெண்டு பேரும் அவங்களுக்குத்தான்."

"அப்ப நான் அடுத்த பாகம் பண்ணணும்னா?"

"அவங்ககிட்ட கேட்கணும்."

தேநீர் ஆறும் வரை பேசாமல் இருந்தான். பக்கத்தில் இருந்த சித்திக்குக் கோபம். "சும்மா கிடக்கிறதுக்கு வர்ற காசை வாங்குடா. வீட்டுக் கடன் இவ கட்டுவாளா?" என்றார். சித்தி சொன்னதில் தவறில்லை. வீவக வீட்டுக் கடன் மாதாமாதம் வருகிறது, கதாபாத்திரத்தின் வருங்கால மதிப்பு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

நான் அவனிடம் வாங்காதே என்று சொல்லவில்லை. நானே மாதச் சம்பளத்துக்குப் பேசுகிறவள். காலையில் நான் பேசும் பேச்சும் அதன் ஒலிப்பதிவும் நிலையத்துக்குச் சொந்தம். அது தெரிந்துதான் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்குப் பதிலாக மாதக் கடைசியில் நிம்மதி கிடைக்கிறது. அதே அறையில் இன்னொன்றையும் தினமும் பார்க்கிறேன். சிங்கப்பூர் வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால், அதை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமத்தொகை போய்ச்சேர காம்பஸ் என்ற அமைப்பு இருக்கிறது. இந்தியாவிலும் 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, திரையரங்குக்கு வெளியே பாடல் பயன்படும்போது பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமத்தொகையில் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்க முடியாதபடி செய்தார்கள். பத்து ஆண்டுக்கு முன் போட்ட பாட்டு இன்று காலை ஒருவருக்குச் சில காசு சம்பாதித்துக் கொடுக்கிறது. ஜாலான் அம்பாஸில் இல்லாதது இதுதான்.

இங்கேயும் சட்டம் மாறியிருக்கிறது. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் எடுத்துக் கொடுக்கும் புகைப்படம், ஒலிப்பதிவு, திரைப்படம் போன்றவற்றின் முதல் உரிமை, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, உருவாக்கியவருக்கே. முன்பு அது பணம் கொடுத்துச் செய்யச் சொன்னவருக்குப் போனது. படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது படைத்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் 'ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை' என்ற அந்தச் சில சொற்களில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டால் சட்டம் கொடுத்ததை நாமே திருப்பிக் கொடுத்ததாக ஆகும்.

தம்பி அந்த நிறுவனத்துக்குத் திரும்பப் போய் மூன்று விஷயங்கள் கேட்டான். என்றென்றைக்கும் என்பதற்குப் பதில் ஐந்து ஆண்டு. அடுத்த பாகம் செய்யும் உரிமை தனக்கு. மூன்று பேர் பெயரும் தொடக்கத்தில் வரவேண்டும். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஒத்துக்கொண்டார்கள். இரண்டாவதுக்கு, ஐந்து ஆண்டு முடியும் வரை வேறு யாருக்கும் செய்யக்கூடாது என்றார்கள். தொகை 7,000 வெள்ளியாகக் குறைந்தது. கையெழுத்துப் போட்டான். சித்தி இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்த 5,000 வெள்ளியை விட்டது லாபமா நஷ்டமா என்பது ஐந்து ஆண்டு கழித்துத்தான் தெரியும். ஒன்றுமே இல்லாமலும் போகலாம். அவனும் அது தெரிந்துதான் செய்தான்.

கலைத்துறைக்கோ ஊடகத்துறைக்கோ போக ஆசைப்படும் பிள்ளைகள் இன்று நம் வீடுகளில் நிறைய. வேண்டாம் என்று தடுக்கிற பெற்றோர் குறைந்துவிட்டார்கள், அது நல்லது. அடுத்ததாக, அந்தப் பிள்ளை கொண்டுவரும் காகிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து வீடே சேர்ந்து படிக்க வேண்டும். இது சம்பள வேலையா, ஒருமுறை விற்பனையா, சில ஆண்டுக்கு இரவல் கொடுப்பதா? உரிமை எப்போது திரும்பி வரும்? பெயர் எங்கே வரும்? புதிதாக ஒரு திரை வந்தால் அதற்கும் இதே காசுதானா? புரியாவிட்டால் சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு எடுத்துக்கொண்டு போகலாம். வீடு வாங்கும்போது எத்தனை பக்கங்களைப் புரட்டுகிறோம். பிள்ளை எழுதிய கதைக்கும் அதில் நாலு பக்கம் புரட்டலாம்.